கிணற்றுக்குள் வெறும் பானை

கயிறு உள்ளங்கையை அறுத்தது. ஆவுடையம்மாள் விடவில்லை. முழங்காலைக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் முட்டுக் கொடுத்துக்கொண்டு இழுத்தாள். உள்ளேயிருந்து பானை ஆடி ஆடி மேலே வந்தது.

தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஈ காக்கை இல்லை. ஆடித்தபசுத் திருவிழா அன்று பிற்பகலில் சங்கரன்கோவிலில் எவன் வீட்டில் இருப்பான்? ஊர் மொத்தமும் ரதவீதியில் நிற்கிறது. வருஷம் முழுக்கக் கடகடக்கும் விசைத்தறிகள்கூட அன்றைக்கு ஒருநாள் வாயை மூடிக் கிடந்தன.

பானை கைக்கு எட்டியதும் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. மண்பானை. உள்ளே மணலும் பவுடரும். பக்கவாட்டில் சின்னச் சின்னதாக ஓட்டைகள். வாயைத் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. முந்தின நாள்தான் நகராட்சி சுகாதார இன்ஸ்பெக்டர் சண்முகையா தன் கையாலேயே அதைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுப் போயிருந்தார்.

"தெக்கே ரெண்டு கிராமத்துல காலரா வந்துட்டு. திருவிழாக் கூட்டம் வேற. காய்ச்சிக் குடிங்கன்னு தொண்டை கிழியக் கத்துதேன், ஒருத்தியும் கேக்கப் போறதில்ல. அதான் மருந்தையே உள்ள தொங்க விடுதேன்," என்று தெருப் பெண்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். "இந்தப் பானை உள்ள கெடக்க வரைக்கும் காலராவுக்கு இந்தத் தெருவுல சோலி இல்ல. அடுத்த வாரம் வந்து மாத்துவேன். அதுக்குள்ள எவனாவது கயித்துல கை வச்சியளோ, தொலைச்சுப்புடுவேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆவுடையின் புருஷன் சங்கரசுப்பு மட்டும் தலையாட்டவில்லை. அவன் சாயக்காரன். தெருவுக்கே நூலுக்குச் சாயம் போடுகிறவன். சாயத்துக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். பிளீச்சிங் பவுடர் விழுந்த தண்ணீரில் சாயம் நிற்குமா?

போன வருஷமே பார்த்தாயிற்று. திருவிழாவுக்கு முன்னால் இதே பவுடரைக் கிணற்றில் அள்ளிக் கொட்டிவிட்டார்கள். தெரியாமல் சிவப்பு நூலை முக்கி எடுத்தால், தேமல் விழுந்த முதுகு மாதிரி திட்டுத் திட்டாக வெளுத்து வந்தது. நூல் கொடுத்த ஜவுளிக்கார முதலாளி சிட்டம் சிட்டமாகச் சுற்றியிருந்த மொத்த நூலையும் நடுத்தெருவில் வீசினார்.

"இனிமே சாயக்காரன்னு சொல்லிக்கிட்டு அலையாதயும் வே. சுவத்துக்கு வெள்ளையடிக்கப் போம்."

தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. சங்கரசுப்பு மண்ணில் குனிந்து ஒவ்வொரு சிட்டமாகப் பொறுக்கினான். அன்றைக்குக் குனிந்த தலைதான். ஒரு வருஷமாக நிமிரவில்லை. சோற்றில் கை வைத்தால் வைத்தபடி இருப்பான். சாயம் ஏறிச் சிவந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.

அதே முதலாளி இந்த வருஷம், ஆள் கிடைக்காமலோ இரக்கப்பட்டோ, ஒரு கட்டு நூலை அனுப்பியிருந்தார். கல்யாணச் சிவப்பு. சரியாக வந்தால் மேலும் வரும். இல்லையென்றால் அத்தோடு சரி.

'ஒரே ஒரு ஈடு. நூல் காய்ஞ்சதும் பானையைப் பழையபடி இறக்கிடுதேன். யாருக்குத் தெரியப் போவுது?'

ஆவுடை இதைப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்றிருப்பான். சாயப்பட்டறையிலிருந்து அதே அளவில் ஒரு பழைய பானையை எடுத்து வந்தாள். மணலை நிரப்பினாள். அதே துணியால் வாயைக் கட்டி, அதே கயிற்றில் அதே முடிச்சுப் போட்டு உள்ளே இறக்கினாள். கயிறு விறைப்பாக நின்றது. பார்க்கிற கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

மருந்துப் பானையைச் சுமந்துபோய்ப் பட்டறையில் விறகுக்குப் பின்னால் வைத்துச் சாக்கைப் போட்டு மூடினாள்.

அவ்வளவுதான். ஒரு பிள்ளையின் உயிர் இடம் மாறி விறகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

பொழுது சாயும்போது மூக்காண்டி வந்து நின்றான். ஆவுடையின் தம்பி. ராயகிரியில் பருத்தி போட்டிருக்கிறான். அம்மன் சப்பரத்தின் மேல் வாரி இறைத்துச் சூறை விட மடி நிறையப் பருத்தியும் வத்தலும் கொண்டு வந்தவன், விட்டு முடித்து அக்காள் வீட்டுக்கு வந்துவிட்டான். சட்டை முழுக்கப் புழுதி, முகம் முழுக்கச் சிரிப்பு.

"எக்கா, பஸ் ஸ்டாண்டு வாசல்ல வெள்ளைச் சட்டைக்காரனுவ ஊசியும் கையுமா நிக்கானுவ. காலரா ஊசியாம். ஒருத்தனையும் விடல. நான் யாரு? பஸ்ஸு திரும்பையிலேயே பின்னால ஏணியப் பிடிச்சு எறங்கி ஒரே ஓட்டம்!"

"பேதீல போவான்! ஒரு ஊசிக்குப் பயந்து ஏணியில தொங்குனியாக்கும்? மீசை மட்டும் சுடலைமாடன் கணக்கா இருக்கு."

இடைச்சுவருக்கு மேலே ஒரு முக்காட்டுத் தலை எட்டிப் பார்த்தது. ரசீதா. பக்கத்து வீடு. கடையநல்லூர்க்காரி. புருஷன் மம்மது விசைத்தறி ஓட்டுகிறவன். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு பெண்களுக்கும் அந்தச் சுவர் ஒரு பொருட்டே இல்லை.

"ஏட்டி ஆவுடை, விருந்துக்கு வந்த பிள்ளையப் போயி வையுதியே. தம்பி, ஊசி போட்டா ரெண்டு நாளைக்குக் கை வலிக்கும், அவ்வளவுதான். போடாட்டி..."

"போடாட்டி என்னக்கா?"

"போடாட்டி உங்க அக்கா வஞ்சது பலிச்சிரும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். சுவருக்குக் கீழே நின்ற நாலாவது ஆளும் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தது. ஆமினாள். ரசீதாவின் ஒரே மகள். முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் வாசல் திறந்த வீடு மாதிரி இருக்கும். ஆவுடைக்குப் பிள்ளையில்லை. ஆமினாள் பாதி நேரம் சாயப்பட்டறையில்தான் கிடப்பாள். 'சாச்சி' என்றுதான் கூப்பிடுவாள். பெற்ற தாயின் தங்கையைக் கூப்பிடுகிற முறை அது.

"சாச்சி, நாளைக்குச் செவப்பு முக்குவியளா?"

"ஆமா மக்கா."

"எனக்குச் சடைக்கு?"

"ஒனக்கு இல்லாமலா?"

மறுநாள் விடியும் முன்பே மூக்காண்டி விழுந்துவிட்டான்.

முதலில் வயிறு கடமுடவென்றது. பிறகு நிற்கவே இல்லை. சோறு வடித்த தண்ணீர் மாதிரி வெளுப்பாகப் போயிற்று. கூடவே வாந்தி. வெயில் ஏறுவதற்குள் கன்னம் ஒட்டி, கண் குழிக்குள் போய், அந்தப் பெரிய மீசை யாருடைய முகத்திலோ ஒட்டின மாதிரி தொங்கியது. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு அலறினான்.

"பேதீல போவான்னு சொன்னேனே... என் நாக்குல கொள்ளி வைக்க!" ஆவுடை தலையில் அடித்துக்கொண்டாள்.

"வாயால வாறது ஒண்ணுமில்ல. எந்தப் பந்தல்ல என்னத்தக் குடிச்சானோ! நீ ஒப்பாரி வைக்காத, ஆளைத் தூக்கு," என்றாள் ரசீதா. அவள்தான் முந்திக்கொண்டாள். அவள்தான் மம்மதுவை எழுப்பி, பாவு நூல் ஏற்றுகிற தள்ளுவண்டியைக் கொண்டுவரச் சொன்னாள். மூக்காண்டியை அதில் படுக்கப் போட்டு மம்மதுவும் சங்கரசுப்புவும் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பாட்டில் பாட்டிலாக மருந்துத் தண்ணீர் நரம்பில் ஏறியது. மதியத்துக்கு மேல் கண்ணைத் திறந்து, "எக்கா, இவனுவளும் ஊசிதான் குத்துதானுவ," என்றான். பிழைத்துவிட்டான்.

ஆவுடை வீட்டுக்கு வந்து தம்பியின் வேட்டியையும் விரிப்பையும் சுருட்டி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். துணி துவைக்க வேறு இடம் ஏது? துவைகல்லைச் சுற்றிச் சிமெண்டு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. கொட்டுகிற தண்ணீர் அதற்குள் விழுந்து காணாமல் போகும். எங்கே போகிறது என்று அந்தத் தெருவில் யாரும் ஒருநாளும் யோசித்ததில்லை. கும்மிக் கசக்கிப் பிழிந்து உதறும்போதுதான் அவள் கண் கயிற்றின் மேல் விழுந்தது.

கயிறு விறைப்பாக நின்றது.

 'இப்பவே எடுத்துப் போட்டிருவோமா?'

ஈரத்துணியோடு பட்டறைக்கு நடந்தாள். உள்ளே அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சங்கரசுப்பு தொட்டியை நிரப்பி, சாயத்தைக் கலக்கி, முதல் சிட்டத்தைக் கம்பில் மாட்டி முக்கிக்கொண்டிருந்தான். வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டு முனகல். அந்த முனகலைக் கேட்டு ஒரு வருஷம் ஆயிற்று.

"ஏட்டி, தண்ணியப் பாத்தியா? மருந்து வாடை ஒரு பொட்டு இல்ல. இன்ஸ்பெக்டரு போட்ட மருந்துக்கே வீரியம் இல்ல போல. இல்லாட்டி நம்ம ஆத்தா கோமதியம்மன் கண்ணத் தொறந்துட்டா."

சிட்டத்தைத் தூக்கிக் காட்டினான். சிவப்பு. நுனியிலிருந்து நுனி வரை ஒரே சிவப்பு. ஒரு திட்டு இல்லை, ஒரு தேமல் இல்லை.

ஆவுடை விறகுக் குவியலைப் பார்த்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஈரத்துணியைக் கொடியில் போடப் போய்விட்டாள்.

சாயங்காலம் முதலாளியே வந்தார். மூங்கிலில் காய்கிற நூலை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார். உமிழ்நீர் தொட்டுத் தேய்த்து விரலைப் பார்த்தார். விரலில் சாயம் ஒட்டவில்லை.

"பழைய சங்கரசுப்பு வந்துட்டான் போலுக்கே," என்றார். "இன்னொரு கட்டு அனுப்புதேன். அதையும் இதே தண்ணியில போட்டிரும். நெறம் மாறிரக் கூடாது, பாத்துக்கிடும்."

இதே தண்ணியில்! ஆவுடை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். சங்கரசுப்பு அன்றைக்கு இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடிந்ததும் ஆமினாளைக் கூப்பிட்டு, உலர்ந்த நூலில் ஒரு பிரியை முறுக்கிக் கொடுத்தான். ஆவுடை அதைப் பிள்ளையின் சடை நுனியில் வைத்துப் பின்னி, குஞ்சம் மாதிரி முடிந்துவிட்டாள். ஆமினாள் சடையை முன்னால் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டு தெருவெல்லாம் ஓடினாள்.

மறுநாள் கிணற்றடியில் ஒரே பேச்சு.

"தண்ணி பழையபடி இனிக்குட்டி."

"மொத நாளு வாயில வைக்க முடிஞ்சுச்சா? ஆஸ்பத்திரிய அப்படியே குடிச்ச மாதிரில்லா இருந்துச்சு!"

ரசீதா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னாள். "நான் என் மவளுக்கு இது நாள் வரைக்கும் காய்ச்சித்தான் குடுத்தேன். இப்பத்தான் உள்ள பானை கெடக்கே, இனி எதுக்கு வெறகப் பொசுக்கணும்? தம்பிக்கு வந்தப்பகூட நான் பயப்படல. நம்ம தண்ணிதான் மருந்துத் தண்ணியாச்சேன்னு தைரியமா இருந்தேன்."

ஆவுடையின் கையிலிருந்த கயிறு நழுவி வாளி உள்ளே போய் விழுந்தது.

"ரசீதா... காய்ச்சியே குடு, ரசீதா."

"எதுக்குட்டி?"

இதுதான் அந்த நேரம். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் போதும். கிணற்றடியில் அத்தனை பேர் நின்றார்கள். பட்டறைக்குள்ளிருந்து புருஷனின் பாட்டு கேட்டது. இரண்டாவது கட்டு நூல் வாசலில் வந்து இறங்கியிருந்தது.

"சும்மாதான் சொன்னேன்," என்றாள் ஆவுடை.

"நல்ல ஆளுட்டி நீ," என்று சிரித்துவிட்டு ரசீதா குடத்தோடு நடந்தாள். குடத்திலிருந்து தளும்பின தண்ணீரை ஆமினாள் பின்னாலேயே போய் உள்ளங்கையில் ஏந்தி ஏந்திக் குடித்தாள்.

அடுத்த நாள் காலையில் சங்கரசுப்பு கடைசிச் சிட்டத்தை மூங்கிலில் மாட்டினான். 'இன்னிக்கு மத்தியானம் எல்லாரும் அசந்திருக்கும்போது பானையை மாத்திரணும்' என்று ஆவுடை மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ரசீதாவின் குரல் கேட்டது. அது அவளுடைய குரலே இல்லை.

"ஆவுடை! ஏட்டி ஆவுடை! பிள்ளையப் பாருட்டி!"

ஆவுடை சுவர் ஏறிக் குதித்தாள். ஆமினாள் பாயில் கிடந்தாள். பாய் நனைந்திருந்தது. அந்த வெளுத்த தண்ணீரை ஆவுடைக்குத் தெரியும். தன் கையால் கசக்கிப் பிழிந்ததுதான். மூக்காண்டி வளர்ந்த ஆள், அரை நாள் தாங்கினான். இது குருவி. எப்போது தொடங்கிற்று என்று கேட்பதற்குள் முகம் சுருங்கிப்போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடி நின்றது.

"சாச்சி... தண்ணி."

ரசீதா அழுதுகொண்டே தடுத்தாள். "குடுக்காத. பேதி நேரத்துல தண்ணி குடுத்தா இன்னும் போவும்னு சொல்லுதாவ."

"தண்ணி குடுக்கணும்டி. தம்பிக்கு ஆஸ்பத்திரியில தண்ணியத்தான ஏத்துனாவ!"

ஆவுடை அடுப்படிக்கு ஓடினாள். செம்பில் மொண்டாள். பிள்ளையின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, செம்பை வாயருகே கொண்டுபோனாள். ஆமினாளின் உதடு தண்ணீரைத் தேடி முன்னால் வந்தது.

அப்போதுதான் ஆவுடை செம்புக்குள் பார்த்தாள். எந்தத் தண்ணீர்!

 உதடு வந்து தொடும் முன் செம்பைப் பின்னால் இழுத்தாள். எழுந்து, வாசலுக்குப் போய், ஒரு சொட்டு விடாமல் தெருவில் கவிழ்த்தாள்.

"ஏன்ட்டி கொட்டுத?" என்றாள் ரசீதா. "பிள்ள கேக்காளே... குடுக்கணும்னு நீதான சொன்ன?"

ஆவுடை செம்பைக் கீழே போட்டாள். ஓடினாள். தெருமுனைக் கடையில் சோடா இருக்கும். ஒரே ஓட்டம்தான். திருவிழா முடிந்தும் கூட்டம் வடியவில்லை. வெளியூர் வண்டிகள் தெருவை அடைத்து நின்றன. மாட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நுழைந்து, இரண்டு பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, ஆமினாளால் விழுங்க முடியவில்லை. ஊற்றினது கடைவாய் வழியாக வழிந்து கழுத்தில் ஓடியது.

தறியிலிருந்து மம்மது வந்து சேர்ந்தான். வண்டி தேவைப்படவில்லை. தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். சங்கரசுப்பு முன்னால் ஓடிக் கூட்டத்தை விலக்கினான். "வழி விடுங்கையா! பிள்ளைக்கு முடியல! ஐயா வழி விடுங்க!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் மணிக்கட்டைப் பிடித்தார், முழங்கையைப் பிடித்தார், கணுக்காலைப் பிடித்தார். இந்தக் கை, அந்தக் கை, இந்தக் கால். ஊசி நுழைகிறது, நரம்பு கிடைக்கவில்லை. உடம்பில் தண்ணீரே இல்லையென்றால் நரம்பு எங்கே நிமிரும்? நர்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். முந்தா நாள் அதே மாதிரி பாட்டில் மூக்காண்டிக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியதை ஆவுடை பார்த்திருந்தாள். இது இறங்கவே இல்லை.

கடைசியில் டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். யாரையும் பார்க்காமல் கண்ணாடியைக் கழற்றினார்.

 ரசீதா பிள்ளையின் பாவாடையை இழுத்துக் காலை மூடிவிட்டாள்.

பிள்ளையின் உயிரற்ற உடலை, மையத்தை, வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். சொந்தக்காரப் பெண் ஒருத்தி இரண்டு குடங்களோடு கிணற்றடிக்கு வந்தாள். வாளியை உள்ளே விடப் போனபோது ஒரு ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் சண்முகையா குதித்து இறங்கினார்.

"நில்லு தாயி. இந்தத் தண்ணிய மொள்ளாத. அடுத்த தெருக் குழாயில பிடிச்சுக்கோ."

மனுஷன் முகம் கறுத்திருந்தது. சுவர் மேல் கை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மொத நாளு இந்தத் தெருவுக்கு வந்த விருந்தாளி ஒருத்தன். அவன் வெளிய வாங்கிட்டு வந்தான்னு வையி. இப்ப பிள்ள. கெழக்கே இன்னும் ரெண்டு வீட்டுல வயித்தால போவுதாம். மருந்துப் பானை உள்ள கெடக்கு. பெறகு எப்படி? எனக்கு வெளங்கல."

குனிந்து தண்ணீரை அள்ளி முகர்ந்தார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு கயிற்றைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்.

தெரு கூடிவிட்டது. மையத்து வீட்டுக்கு வந்தவர்கள், தறிக்காரர்கள், பெண்கள். ஆவுடை தன் வீட்டு நடையில் நின்றாள். கால் பூமியில் இல்லை. கயிறு சுருண்டு சுருண்டு அவர் காலடியில் விழுந்தது. பானை மேலே வந்தது. துணியை அவிழ்த்தார். கவிழ்த்தார்.

மணல். வெறும் மணல்.



"இது நான் இறக்குன பானை இல்ல," என்றார் சண்முகையா. "எவன் மாத்துனான்?"

 பட்டறை வாசலில், மூங்கில் மூங்கிலாக, சிவப்பு நூல் காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தலையாக அந்தப் பக்கம் திரும்பியது. அதைவிட ஒரு பதில் வேண்டுமா?

"ஏலே சங்கரசுப்பு!" ஒரு தறிக்காரன் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான். "சாயத்துக்காக பிள்ளையக் கொன்னுட்டியேலே, பாவி!"

சங்கரசுப்புவுக்கு ஒன்றும் புரியவில்லை. மணலைப் பார்த்தான். பானையைப் பார்த்தான். வாய் விளிம்பில் வழிந்து காய்ந்த பழைய சாயம். தன் பட்டறைப் பானை. மெல்லத் திரும்பி நடையில் நின்ற பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். அப்புறம் அவனுக்குப் புரிந்துவிட்டது. மருந்து வாடை போனது. ஆத்தா கண் திறந்தது. எல்லாம்.

தலையைக் குனிந்துகொண்டான்.

"நாந்தான்," என்றான். "நாந்தான் மாத்துனேன்."

முதல் அடி விழுந்தது. இரண்டாவது அடிக்கு ஓங்கின கையை மம்மது வந்து பிடித்தான். அழுது அழுது வீங்கின முகம்.

"விடுங்க. எம் பிள்ள உள்ள கெடக்கா. இங்கன சண்ட வேண்டாம்." பிறகு சங்கரசுப்புவைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டான். "அண்ணாச்சி, அவ உங்க பட்டறையிலதான கெடப்பா?"

அந்தக் கேள்வி ஆவுடையின் காலைப் பூமிக்கு இறக்கியது.

"அவுகளை விடுங்க!" கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. நாந்தான் எடுத்தேன். தபசு அன்னைக்கு எல்லாரும் கோயிலுக்குப் போனப்ப எடுத்தேன். தம்பி துணியையும் நாந்தான் இங்கன வச்சுத் தொவைச்சேன். நாளைக்குப் போட்டிருவோம், நாளைக்குப் போட்டிருவோம்னு..." 

சங்கரசுப்பு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். போன வருஷம் நூல் பொறுக்கின அதே இடம்.

"மருந்துப் பானை எங்க?" என்றார் சண்முகையா. திட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை.

ஆவுடை பட்டறைக்குள் போனாள். சாக்கை விலக்கினாள். பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கூட்டம் தானாக விலகி வழி விட்டது. அவளே கயிற்றில் கட்டினாள். அவளே உள்ளே இறக்கினாள். தண்ணீரைத் தொட்டதும் பானை ஒருமுறை மூச்சு விட்டது போல் குமிழி விட்டு முங்கியது.

எத்தனை சுலபம்! இதற்கா இத்தனை நாள்?

அடுத்த தெருக் குழாயிலிருந்து தண்ணீர் வந்தது. உள்ளே பிள்ளையைக் குளிப்பாட்டினார்கள். ஆவுடை போகவில்லை. போகிற உரிமை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெருவில், ரசீதா வீட்டுக்கு எதிரே, வெயிலில் நின்றாள். யாரும் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. பக்கத்தில் யாரும் வரவுமில்லை. வெள்ளைத் துணி சுற்றின சின்ன உடம்பை ஆண்கள் தூக்கிக்கொண்டு வந்தபோது அவள் சுவரோரம் ஒதுங்கினாள். கூட்டம் கபர்ஸ்தான் பக்கம் நடந்தது. சங்கரசுப்பு கொஞ்ச தூரம் பின்னால் போனான். பிறகு நின்றுவிட்டான்.

தெரு காலியாயிற்று. தபசு அன்றைக்கு இருந்த மாதிரியே காலி.

ரசீதா வாசலுக்கு வந்தாள். ஆவுடையைப் பார்த்தாள். அழுகை இல்லை, கோபம் இல்லை. எல்லாம் வற்றின முகம். ஆவுடை அவள் காலில் விழ எடுத்து வைத்த அடி பாதியில் நின்றது. ஏனென்றால் ரசீதா ஒரு கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு நூல் பிரி ஈரமாகச் சுருண்டிருந்தது. குளிப்பாட்டுவதற்காகச் சடையைப் பிரித்தபோது அவிழ்த்தது.

"இது அந்த நூலா, ஆவுடை?"

"ஆமா."

ரசீதா அதை இரண்டு விரலால் பிழிந்தாள். தண்ணீர் சொட்டியது. வெறும் தண்ணீர். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல சாயம்," என்றாள். "இத்தன தண்ணி ஊத்தியும் போகல பாரு."

நூலை ஆவுடையின் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். அந்தக் கதவு ஆவுடைக்காகத் திறந்ததே அதற்குப் பிறகு இல்லை. ஆடி முடியும் முன்பே அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கடையநல்லூர் போய்விட்டார்கள்.

இரண்டு கட்டு நூலையும் முதலாளியின் ஆள் வந்து வண்டியில் ஏற்றினான். நல்ல சிவப்பு என்று சொல்லிவிட்டுப் போனான்.